கண்ணில் திரும்பவும் வரும் வீக்கம்: ஊசியைப் பாதியில் விடாதீர்கள்

(மோர்டனில் புதிதாக வந்தவர்களுக்கான தகவல் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு உங்களோடு மொழிபெயர்ப்புக்கு வருகிற ஆள். கண் கிளினிக்கில் அடிக்கடி என் காதில் விழுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. "ஊசி போட்டினம், பார்வை வந்தது, பிறகு ஏன் திரும்பவும் மங்குது?"

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணை இரண்டு ஊசியோடு நிற்பாட்டிவிட்டார். மருந்து பிடிக்கவில்லை என்று அவராகவே முடிவெடுத்துவிட்டார். நாலு மாதம் கழித்துப் போனபோது வீக்கத்தை வற்றச்செய்ய முடிந்தது, பார்வைதான் முழுதாகத் திரும்பவில்லை.

நடந்தது இதுதான். கண்ணின் பின்னால் விழித்திரை இருக்கிறது. அதிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகிற நாளம் அடைபட்டால், வாய்க்கால் அடைபட்ட தோட்டம் மாதிரி, பின்னுக்குத் தேங்கிக் கசியும். வாசிக்கவும் ஆளை முகம் பார்த்து அறியவும் உதவுகிற நடுப்பகுதிக்கு மக்கியூலா என்று பெயர். அங்கே நீர் கோத்தால் பார்வை மங்கும், நேர்கோடு வளைந்து தெரியும். அநேகமாக ஒரு கண்ணில்தான் வரும், நோவும் இருக்காது. அதனால்தான் எங்கட ஆட்கள் பிந்திப் போகினம்.

லூசென்ரிஸ், ஐலியா போன்ற ஊசிகள் அந்தக் கசிவைத் தூண்டுகிற பொருளைத் தடுக்கும். ஆனால் மருந்தின் வேலை சில கிழமைகளில் குறைந்துவிடும். நாளத்தின் அடைப்பை ஊசி எடுத்துவிடாது. ஆகவே வீக்கம் திரும்ப வருவது பலருக்கு நடக்கிற விஷயம், உங்கள் பிழை இல்லை. மூர்பீல்ட்ஸ் வைத்தியர்கள் முன்னின்று பிரித்தானியாவில் 463 நோயாளிகளிடம் செய்த லீவோ என்ற ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதில் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் ஒருவருக்குச் சராசரியாக 10 முதல் 12 ஊசி வரை தேவைப்பட்டது. இரண்டு ஊசியோடு நின்ற அண்ணையை இப்போது யோசித்துப் பாருங்கோ.

சிலருக்கு இந்த வீக்கத்தில் அழற்சியும் சேர்ந்திருக்கும். அவர்களுக்கு ஒசுர்டெக்ஸ் என்ற சின்ன ஸ்ரீரொயிட் துண்டைக் கண்ணுக்குள் வைப்பார்கள். என்.எச்.எஸ்.இல் இதைக் கொடுக்கலாம் என்று 2011இல் அனுமதி வந்தது. அது மெதுவாகக் கரைந்து சில மாதம் வேலை செய்யும். கண் அழுத்தம் கூடலாம், கண்புரை வரலாம். பார்வை நன்றாக இருந்தாலும் அழுத்தம் பார்க்கிற அந்த அப்பொயின்மென்ரைத் தவறவிடாதீர்கள்.

இன்னொரு அழற்சி ஆபத்தானது. ஊசி போட்ட நாளில் கண் கொஞ்சம் உறுத்தும், சிவக்கும், அது சாதாரணம். அடுத்த நாட்களில் நோவு கூடினால், சிவப்புக் கூடினால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், பார்வை குறைந்தால், அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே போகவேண்டும், நாளைக்கு என்று வைக்கக்கூடாது. கிளினிக் தந்த தாளில் உள்ள நம்பருக்கு அடியுங்கோ. பதில் இல்லாவிட்டால் 111க்கு அடித்து "தமில் பிளீஸ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தருவார்கள். சிற்றி ரோட்டில் உள்ள மூர்பீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரியிலும் அவசரப் பிரிவு இருக்கிறது. மோர்டனில் நொதேர்ண் லைன் ஏறி, பாங்க் வழியாகப் போகிற ரெயினில் ஓல்ட் ஸ்ரீற்றில் இறங்கலாம். மாறத் தேவையில்லை.

இனி, அடைப்பு ஏன் வந்தது என்பது. உயர் இரத்த அழுத்தம், சீனி வருத்தம், கொழுப்பு, சிகரெட், கண் அழுத்த நோய், இவைதான் வழமையான காரணங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பிரஷர் குளிசை முடிந்தவுடன் விட்டுவிட்ட ஆட்கள் இந்த அறையிலும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெறும் குளிசை அட்டையையாவது ஜீ.பி.யிடம் கொண்டுபோய்க் காட்டுங்கோ. ஜீ.பி.யிடம் பதிய விசாவோ விலாச அத்தாட்சியோ கட்டாயம் இல்லை.

இளம் ஆட்களுக்கு வேறொன்று. எங்கள் பக்கத்து நாடுகளின் இளைஞர்களிடம் ஈல்ஸ் நோய் என்று ஒன்று காணப்படுகிறது. பேர்மிங்ஹாம் வைத்தியர் ஹென்றி ஈல்ஸ் 1880இல் எழுதியது. நாளங்களே அழற்சி அடையும். காசநோய்க்கும் இதற்கும் தொடர்பு பேசப்படுகிறது, சென்னை சங்கர நேத்ராலயாவிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே உங்களுக்கோ முகாமில் கூட இருந்தவருக்கோ காசநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கோ. கண்ணில், தலையில் அடி விழுந்திருந்தாலும் சொல்லுங்கோ. ஷெல் துண்டு உடம்பில் இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன்னரே சொல்லவேண்டும், அது காந்தம். கண் கிளினிக்கில் எடுக்கிற ஓ.சி.ரி. படம் வெறும் வெளிச்சம்தான், பயமில்லை.

காசு விஷயம். இங்கிலாந்தில் அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருக்கும்வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சை இலவசம். மறுக்கப்பட்டவர்கள் சிகிச்சையை விடமுன் எங்களிடம் வாருங்கோ, தொடங்கிய சிகிச்சைக்கு விதிவிலக்கு உண்டு. எச்.சி.2 சான்றிதழ் இருந்தால் மருந்துச்சீட்டும் கண் பரிசோதனையும் இலவசம், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவையும் மூன்று மாதத்துக்குள் கேட்கலாம். ரிக்கற்றை எறியாதீர்கள்.

ஹோம் ஒபீஸ் உங்களை வேறு ஊருக்கு மாற்றினால் கிளினிக் கடிதம் பழைய விலாசத்துக்குத்தான் போகும். நீங்கள் வரவில்லை என்று பெயரை வெட்டிவிடலாம். மாற்றக் கடிதம் கையில் கிடைத்த அன்றே கிளினிக்குக்கு அறிவித்து, புது ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றித் தரும்படியும், கடைசி ஊசி போட்ட திகதி எழுதிய கடிதம் ஒன்றும் கேளுங்கோ. ரெலிபோனில் கதைக்கப் பயமென்றால் தேத்தண்ணி நேரத்தில் என்னிடம் வாருங்கோ, இங்கிருந்தே எடுத்துக் கதைப்போம்.