இலையும் காந்தமும்
(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நாம் பூசையில் இடும் வில்வ இலைக்குள் மங்கனீசு என்னும் உலோகம் இருக்கின்றது. வில்வத்துக்கு மட்டும் உரிய பெருமையன்று இது. வேலிக் கிளுவையிலும் உண்டு. வெயில் படும்போது இலை நீரைப் பிளந்து ஒட்சிசனை வெளிவிடுகின்றது. அவ்வேலையைச் செய்யும் நொதியத்தின் நடுவே நான்கு மங்கனீசு அணுக்களும் ஒரு கல்சிய அணுவும் ஒட்சிசனாற் பிணைந்து கிடக்கின்றன. நாம் வாங்கும் மூச்சு அத்தகைய இடத்திலிருந்து வந்ததே. நம் முன்னோர் இலையைப் போற்றினர். ஆனால் இந்த மங்கனீசை அவர்கள் கண்டனர் என்று மேடையில் முழங்குவது அவர்களுக்கும் மரியாதை ஆகாது.

அமெரிக்காவில் இந்தியானாவிலும் பின்னர் புளோரிடாவிலும் பேராசிரியராயிருந்த ஜோர்ஜ் கிறிஸ்டூ என்னும் இரசாயன அறிஞர், இலையில் உள்ளது போன்ற மங்கனீசுக் கூட்டங்களை ஆய்வுகூடத்தில் ஆக்க முற்பட்டார். அவ்வழியில் அவர் கையாண்ட சேர்வைகளுள் ஒன்று பன்னிரண்டு மங்கனீசு அணுக்களை உடையது. போலந்து நாட்டவரான லிஸ் 1980 இல் அறிவித்த பொருள் அது. மங்கனீசு அசற்றேற்றையும் பொற்றாசியம் பரமங்கனேற்றையும் (கிணற்றுக்குப் போடும் அந்த ஊதா உப்பேதான்!) அசற்றிக் அமிலத்திற் சேர்த்தால் கிடைக்கும்.

சாதாரண இரும்பு காந்தமாவது கோடானுகோடி அணுக்கள் ஒன்றுக்கொன்று துணையாய் ஒரே பக்கம் திரும்பி நிற்பதால். இங்கோ ஒவ்வொரு மூலக்கூறும் அயலாரின் துணையின்றித் தானே ஒரு காந்தம். எப்படி? வெளிவட்டத்திலுள்ள எட்டு அணுக்களில் இணையில்லா இலத்திரன்கள் 32. உள்ளேயுள்ள நான்கில் 12. உள்ளவை எதிர்ப்பக்கம் பார்ப்பதால் 12 கழிந்து 20 எஞ்சும். அந்த இருபதும் திசைமாற வேண்டுமாயின் ஒரு மேட்டைத் தாண்ட வேண்டும். கடுங்குளிரில் அதற்கு வலுவில்லை. இத்தாலியின் புளோரன்சு நகரத்துச் செசோலி, கற்றெஸ்கி முதலியோரும் கிறிஸ்டூ குழுவினரும் 1993 இல் வெளியிட்ட கட்டுரைகள் இதை விளக்கின. பூச்சியத்துக்குக் கீழ் 271 பாகையில் அக்காந்தம் திசைமறக்க இரண்டு மாதமளவு செல்லும்.

“இதனால் என்ன பயன், தம்பி?” என்று பெரியோர் கேட்பது நியாயமே. ஒரு மூலக்கூறில் ஒரு செய்தியை எழுதிவைக்கலாம் என்பது ஆசை. குளிர்தான் தடை. 2018 இல் திசுப்புரோசியம் என்னும் உலோகத்தின் சேர்வையொன்று பூச்சியத்துக்குக் கீழ் 193 பாகையிலும் காந்த நினைவைக் காத்தது. திரவ நைதரசனே அக்குளிரைத் தந்துவிடும், அது மலிவானது.

நிற்க. இலையை அவர் மறந்துவிடவில்லை. 2011 இல் யப்பானிய அறிஞர் அந்நொதியத்தின் நடுப்பகுதியைத் தெளிவாகப் படம்பிடித்தனர். அடுத்த ஆண்டே மூன்று மங்கனீசும் ஒரு கல்சியமும் கொண்ட கனவுருவொன்றைக் கிறிஸ்டூ குழுவினர் ஆக்கிக் காட்டினர். உருவம் ஒத்தது, நீரைப் பிளக்கும் தொழில் இலையிடமே இருக்கின்றது.