சிறு நகரசபையும் நம் சிறு வணிகரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே மரபு. காலையில் நம் குழந்தைகள் குறள் ஒப்புவித்தார்கள். இரவில் நாட்டியம் இருக்கிறது. இவ்விரண்டிற்கும் நடுவே நகரசபை டெண்டர் என்னும் பொருளை நம்மிடம் ஒப்படைத்த செயலாளருக்குத் துணிவு அதிகம் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் இப்பொருள் நம் காலனியின் பல வீடுகளில் இன்று அடுப்பங்கரை வரை வந்துவிட்ட ஒன்றாகும்.

1959ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிலாய் உருக்காலையின் முதல் ஊதுலை எரியத் தொடங்கியது. அக்காலத்தில் தகரப் பெட்டியுடன் இங்கு வந்து இறங்கிய நம் முன்னோர்க்கு ஆலையே வாழ்வளித்தது. இன்று அவர்களுடைய பேரர்க்கு ஆலையின் வாயில் அவ்வளவு அகலமாகத் திறந்திருக்கவில்லை. ஆகவே பம்பு பழுதுபார்த்தல், அச்சகம், மின்சாதன வியாபாரம் எனப் பல தொழில்களில் இளைஞர்கள் இறங்கியுள்ளனர். அத்தொழில்களின் முதல் பெரும்பாலும் தந்தையார் ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணமாகும். அப்பணம் ஒரு நகரசபையின் பில்லில் சிக்கி ஓராண்டு முடங்குமானால், முடங்குவது தொழில் மட்டுமன்று. ஒரு பெண்ணின் திருமணமும், ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் உடன் முடங்குகின்றன.

1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் நகர ஆட்சி அமைப்புகளை மூவகையாகப் பகுத்தது. நம் பிலாய், துர்க் போன்றவை நகர் நிகம் எனப்படும் மாநகராட்சிகள். அருகிலுள்ள ஜாமுல், கும்ஹாரி போன்றவை நகர் பாலிகா பரிஷத் எனப்படும் நகரசபைகள். அவற்றினும் சிறியவை நகர் பஞ்சாயத்துகள். புதிதாகத் தொழில் தொடங்குவோர் நடுவிலுள்ள வகையையே முதலில் நாட வேண்டும் என்பது நம் கருத்து. குடிநீரில் இடும் பிளீச்சிங் பவுடர், படிகாரம், தெருவிளக்கு, துடைப்பம், வரி ரசீதுப் புத்தகம், பம்பு பழுது, திருவிழாப் பந்தல் என அவற்றின் தேவைகள் சிறியவை. பெரிய கம்பெனிகள் அவற்றுக்காகப் படியேறுவதில்லை.

அங்கே வெல்வது எவ்வாறு? நகரசபைத் தலைவரைத் தெரியும், வார்டு உறுப்பினர் நமக்கு வேண்டியவர் என்று தொடங்குவோர் பலர். உண்மையில், விலை எழுதிய உறை திறக்கப்படுவதற்கு முன்னரே, தகுதி ஆவணங்களின் உறையிலேயே பலர் வெளியேற்றப்படுகின்றனர். வெளியேற்றப்பட்டவருடைய விலை எவ்வளவு குறைவாயிருந்தாலும் அதை எவரும் பார்ப்பதில்லை.

இதில் தமிழராகிய நமக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. அது நம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. வருமான வரியினரின் பான் அட்டை அம்முதலெழுத்தை ஏற்பதில்லை. ஆகவே அதில் 'ராமசாமி முருகேசன்' என்று விரியும். ஆதாரில் 'முருகேசன் ஆர்' என்றிருக்கும். வங்கிக் கணக்கில் 'ஆர். முருகேசன்', கடைப் பலகையிலோ மனைவியின் பெயர்! இந்த நால்வரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். ராமசாமி என்பது குடும்பப் பெயரா, வேறொரு கூட்டாளியா என்று மயங்கும் குமாஸ்தாவுக்கு எவ்வாறு தெரியும்? அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. பான், ஆதார், ஜி.எஸ்.டி. பதிவு, உத்யம் பதிவு, வங்கிக் கணக்கு, மின்னணுக் கையொப்பம் ஆகிய ஆறிலும் ஒரே பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். இவ்வேலையை டெண்டர் அறிவிப்பு வந்தபின் செய்ய இயலாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குச் சர்க்கார் ஒரு காசும் வாங்குவதில்லை என்பதையும், அதற்கென ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகர் ஊரெங்கும் உளர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

அடுத்தது மொழி. நம்மில் யார்க்கும் கடைத்தெரு இந்தி வராமலில்லை. ஆனால் 'நிவிதா' என்றால் டெண்டர், 'அமானத் ராசி' என்றால் பிணைத்தொகை, 'காரியாதேஷ்' என்றால் வேலை உத்தரவு என வழங்கும் அலுவலக இந்தி வேறு. இப்பள்ளிகளில் இந்தி பயின்ற நம் மக்களே அறிவிப்பை முதல் வரி முதல் கடைசி வரி வரை பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லுதல் நலம். பிணைத்தொகை எந்த அதிகாரியின் பெயரில், எத்தனை நாள் செல்லுபடியாக இருத்தல் வேண்டும் என்பன போன்ற செய்திகள் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். மத்திய சர்க்கார் கொள்முதலில் சிறு தொழிலுக்குப் பிணைத்தொகை விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டு, நகரசபையிலும் அவ்வாறே என்று கருதி விடுபவர் உளர். மத்திய சர்க்காரின் 2012ஆம் ஆண்டு ஆணை அதன் சொந்தத் துறைகளையும் நிறுவனங்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும். நகரசபைக்கு மாநிலத்தின் விதிகளும் அந்த டெண்டரின் நிபந்தனைகளுமே பிரமாணம்.

இக்காலத்தில் பெரும்பாலான டெண்டர்கள் இணையத்தின் வழியே பெறப்படுகின்றன. 2016இல் தொடங்கிய ஜெம் என்னும் சர்க்கார்ச் சந்தையிலும் உள்ளாட்சி அமைப்புகள் வாங்குகின்றன. அங்கே நம் கைக்கடிகாரம் செல்லாது. இணைய நிலையத்தின் கடிகாரமே செல்லும். கடைசி ஒரு மணி நேரத்தை நம்பாமல், முதல் நாளே சமர்ப்பித்துவிட வேண்டும்.

முன் அனுபவம் கேட்டால் என் செய்வது என்று இளைஞர்கள் வினவுகின்றனர். நியாயமான வினாவே. டெண்டர் இன்றி மூன்று விலைப்பட்டியல் கேட்டு வாங்கும் சிறு வேலைகளைப் பள்ளிகளிலும், மருத்துவமனைகளிலும், நகரசபையிலும் முதலில் செய்து, ஒவ்வொன்றிற்கும் முடிவுச் சான்றிதழை எழுத்தில் பெற்று வைத்தல் வேண்டும். வேலை நன்றாயிருந்தது என்று பொறியாளர் வாயால் சொன்ன புகழுரை டெண்டர் உறைக்குள் அடங்காது.

இனி விலை. இங்கேதான் சேமநிதிப் பணம் கரைகிறது. ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் நான்கு லட்ச ரூபாய்க்குப் பிளீச்சிங் பவுடர் தருவதாக ஒப்புக்கொள்கிறார். அடக்கம் 3,60,000, இலாபம் 40,000 என்று மகிழ்கிறார். அடக்கப் பணம் 12 சதவீத வட்டிக்கு வாங்கியது. பில் ஆறு மாதம் கழித்து வந்தால் வட்டி 21,600 போய்விடும், மிஞ்சுவது 18,400. லாரி வாடகையும் மூட்டை இறக்கும் கூலியும் இதற்குள்ளேயே. மேலும், நகரசபை பணம் தந்தாலும் தராவிட்டாலும், பில் கொடுத்த மாதத்தின் ஜி.எஸ்.டி.யைப் பொதுவாக அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்திற்கு மேற்பட்டால், பணம் தரும்போது நகரசபை அவ்வரிக்காக 2 சதவீதம் பிடித்துக்கொள்ளும். அது நம் வரிக்கணக்கில் வரவாகும் என்றாலும், கைக்கு வருவது குறையும். ஆகவே காத்திருக்கும் காலத்திற்கும் விலை வைக்காதவர் விலை எழுதவே தெரியாதவர் என்போம். அவ்விலைக்கு வேறொருவர் குறைத்து எழுதினால், அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

எவ்வளவு காத்திருக்க நேரும் என்பதை முன்னரே ஓரளவு ஊகிக்கலாம். பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்று கணக்குப் பிரிவில் கேட்பதில் வெட்கமில்லை. நிதிக் குழுவின் மானியம் வந்து சேர்ந்துவிட்ட வேலைக்கும், வசூலாக வேண்டிய வீட்டு வரியை நம்பித் தொடங்கும் வேலைக்கும் மிகுந்த வேற்றுமை உண்டு. அந்நகரசபைக்கு முன்பு சரக்குத் தந்த இருவரைத் தேடிச் சென்று விசாரிப்பது இன்னும் நல்லது.

தாமதத்திற்குச் சட்டமும் ஒரு மருந்து வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, சரக்கையோ சேவையையோ ஏற்ற 45 நாள்களுக்கு மேல் பணம் தர வாய்தா வைத்தல் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். இதற்கென மாநிலத்தில் அமைந்த மன்றத்தில் முறையிடலாம். மன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்து, வாங்கியவர் அதை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பினால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஆனால் இம்மருந்து உற்பத்தி செய்வோர்க்கும் சேவை புரிவோர்க்குமே உரியது. 2021 முதல் வாங்கி விற்கும் வியாபாரிகளும் உத்யம் பதிவு பெறலாம் எனினும், அவர்களுக்குக் கிட்டுவது வங்கிக் கடன் சலுகை மட்டுமே. பம்பு பழுதுபார்ப்பவர் இச்சட்டத்தை நாடலாம். பிளீச்சிங் பவுடரை வாங்கி விற்பவர் நாட இயலாது. நம் இளைஞர்களில் பெரும்பாலோர் இவ்வேற்றுமையை அறியார். பதிவையும் ஒப்பந்தத்திற்கு முன்னரே பெற்றுவிட்டால், பின்னால் ஒரு வாதத்திற்கு இடமிராது.

கமிஷன் கேட்டால் என்ன செய்வது என்று மெல்லிய குரலில் கேட்பார் உண்டு. உரக்கவே விடை சொல்வோம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் புகார் செய்தாலன்றித் தப்ப வழியில்லை. கமிஷன் கொடுத்துப் பெற்ற ஒப்பந்தத்தில் பில்லுக்கும் தனிக் கமிஷன் உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்க.

அறிவிப்பில் ஒன்று சொல்லி, தீர்மானத்தில் வேறொன்று செய்தால்? 1977இல் பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகமும் சிற்றுண்டிக் கடைகளும் நடத்த டெண்டர் கோரினார்கள். இரண்டாம் தர ஓட்டல் உரிமையாளராகவும் ஐந்தாண்டு அனுபவமுடையவராகவும் இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. அத்தகுதியில்லாத ஒருவர்க்கு அது வழங்கப்பட்டது. 1979இல் உச்ச நீதிமன்றம், தானே விதித்த அளவுகோலைப் பொது நிறுவனம் தானே மீறுதல் ஆகாது என்று தீர்ப்புரைத்தது. ஆயினும் வழக்குத் தொடுத்தவர்க்குப் பயன் கிட்டவில்லை. அவர் பல மாதம் தாமதித்தே வந்தார். அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் பணம் செலவிட்டுக் கடை திறந்திருந்தார். ஆதலின் முறைகேடு கண்டால், உறை திறந்த அன்றே எழுத்தில் ஆட்சேபம் தந்து ரசீது பெறுதல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ஒப்பீட்டுப் பட்டியலின் நகலையும் கேட்கலாம்.

ஆலையின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியோர் இருவர், ஞாயிறுதோறும் மாலையில் நம் சங்க நூல்நிலையத்தில் அமர்ந்து டெண்டர் ஆவணங்களை உடனிருந்து சரிபார்த்துத் தர இசைந்துள்ளனர். வருவோர் பெயர் எழுதிய ஆறு ஆவணங்களின் நகலையும் கையோடு கொண்டுவர வேண்டுகிறோம்.