இரண்டா, மூன்றா?



பாரம் ஏற்றிய லாரியை ஓட்டுகிறவருக்கு, முதல் கியரில் வண்டி நகரும்போதே எவ்வளவு சுமை இருக்கிறதென்று தெரிந்துவிடும். மாட்டுவண்டி ஓட்டுகிறவருக்கோ மாட்டின் நடையே சொல்லிவிடும். முந்நூறு பேரைச் சுமந்துகொண்டு கடல் தாண்டும் பெரிய விமானத்தை ஓட்டுகிற விமானிக்கு மட்டும் அது தெரிவதில்லை. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் எடை பார்க்கும் கருவி கிடையாது. காலி விமானம், எரிபொருள், சரக்கு, பயணிகள் எனக் கூட்டிக் கணக்கிட்டு, ஒரு தாளிலோ திரையிலோ ஓர் எண்ணை விமானியிடம் கொடுக்கிறார்கள். விமானிக்குத் தெரிந்த எடை அந்த எண்தான்.

எந்த வேகத்தில் மூக்கைத் தூக்குவது, எஞ்சினை எவ்வளவு முடுக்குவது, எந்த வேகத்துக்குப் பிறகு நிறுத்த முயலக் கூடாது என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்தே பிறக்கின்றன. அதில் ஓர் இலக்கம் மாறினால் என்ன நடக்கும்?

2009 மார்ச் 20, இரவு பத்தரை மணி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் விமான நிலையத்திலிருந்து துபாய்க்குப் புறப்படுகிறது எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ340 விமானம். உள்ளே 257 பயணிகள், 18 ஊழியர்கள். நீண்ட பயணம் என்பதால் விமானிகள் மட்டும் நான்கு பேர். விமானத்தின் எடை 362.9 டன். துணை விமானி மடிக்கணினியில் தட்டியது 262.9. மூன்றுக்குப் பதில் இரண்டு. நூறு டன் காணாமல் போய்விட்டது.

கணினி தன் வேலையைப் பிழையில்லாமல் செய்தது. இவ்வளவு இலேசான விமானத்துக்கு இவ்வளவு நீளமான ஓடுபாதை இருக்கிறதே, எஞ்சின்களை முழுவதும் முடுக்க வேண்டியதில்லை என்று சொன்னது. இது வழக்கமான ஏற்பாடுதான். எஞ்சின் தேய்மானத்தைக் குறைக்க, வெளியே கடும் வெப்பம் நிலவுவதாக எஞ்சின் கணினியிடம் ஒரு பாவனை வெப்பநிலையைச் சொல்வார்கள். வெப்பக் காற்றில் எஞ்சின் எவ்வளவு தள்ளுமோ அவ்வளவு மட்டும் அது தள்ளும். அன்று கொடுத்த பாவனை வெப்பநிலை 74 டிகிரி. மூக்கைத் தூக்க வேண்டிய வேகமும் 161 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்பதற்குப் பதில் 145 என்று வந்தது.

இதை யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனிப்பதற்கென்றே விதிமுறைகள் இருந்தன. ஒருவர் கணக்கிட்டதை மற்றவர் சரிபார்க்க வேண்டும். அந்த விமானி அறையில் அன்று பேச்சும் குறுக்கீடுகளும் நடந்துகொண்டிருந்தன. சரிபார்ப்பு முழுமை பெறவில்லை. என்னை மிகவும் உலுக்கும் விஷயம் வேறு. விமானத்தின் சொந்தக் கணினியில் சரியான எடை ஏற்கெனவே பதிவாகியிருந்தது. ஒரே அறையில் இரண்டு கணினிகள். இரண்டும் நூறு டன் வித்தியாசத்தோடு அருகருகே இருந்தன. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரு குறிப்பிட்ட வேகத்தை ஒப்பிடும் சோதனையும் உண்டு. அதில் 40 நாட் வித்தியாசம் இருந்தது. சோதனை நடந்தது, வித்தியாசம் கண்ணில் படவில்லை. எதிர்பார்ப்பது கண்முன் இருப்பதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது.

இதை அலட்சியம் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த விமானிகள் இலேசான விமானங்களையும் கனத்த விமானங்களையும் மாறி மாறி ஓட்டியவர்கள். 262 என்பதும் அவர்கள் அன்றாடம் பார்க்கக்கூடிய எண்தான். எஞ்சின் முடுக்கமும் பயணத்துக்குப் பயணம் மாறுவதால், விமானம் மெதுவாக வேகம் பிடிப்பதை உடம்பால் உணர்வதும் கடினம். போதாக்குறைக்கு, வெளியே இருட்டு.

கேப்டன் சொன்னதும் துணை விமானி மூக்கைத் தூக்க முயன்றார். மூக்கு எதிர்பார்த்தபடி எழவில்லை. இன்னும் இழுத்தார். மூக்கு எழுந்தது, விமானம் எழவில்லை. வால் ஓடுபாதையில் உரசியது. அந்தக் கணத்தில் கேப்டன் எஞ்சின்களை முழு வலுவுக்கு முடுக்கினார். விமானம் ஓடுபாதையின் முடிவைத் தாண்டி, ஒரு விளக்கையும், தரையிறங்கும் விமானங்களுக்குத் திசை காட்டும் ஆண்டெனா அமைப்பையும் இடித்துக்கொண்டு மேலே போனது. போர்ட் பிலிப் விரிகுடாவுக்கு மேலே எரிபொருளை வெளியேற்றி எடையைக் குறைத்துவிட்டு, மெல்போர்னுக்கே திரும்பித் தரையிறங்கியது. 275 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2003 மார்ச்சில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்றுக்கும் இதே நூறு டன் பிழைதான் நேர்ந்தது. 347-க்குப் பதில் 247. அங்கேயும் வால் உரசியது. விமானம் திரும்பி வந்து இறங்கியது.

எல்லாரும் அப்படித் தப்பிவிடவில்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸில், 2004 அக்டோபர் 14 அதிகாலையில், எம்.கே. ஏர்லைன்ஸின் சரக்கு விமானம் ஸ்பெயினுக்குப் புறப்பட்டது. அதுவும் 747. ஹாலிஃபாக்ஸில் அதன் எடை 350 டன்னுக்கும் மேல். கணினியில் இருந்ததோ அதற்கு முந்தைய நிலையத்தில், அமெரிக்காவின் பிராட்லியில், பயன்படுத்திய 240 டன். பழைய எண் மாறாமல் அப்படியே இருந்துவிட்டதாகத் தெரிகிறது. ஊழியர்கள் பணியைத் தொடங்கி ஏறக்குறைய 19 மணி நேரம் ஆகியிருந்தது. ஓடுபாதை முடிந்தபின் ஒருவழியாக எழும்பிய விமானத்தின் வால், ஆண்டெனாவுக்காக அமைத்திருந்த மண்மேட்டில் மோதி உடைந்தது. ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் இறந்துபோனார்கள்.

களைப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பத்தொன்பது மணி நேரம் விழித்திருப்பவரிடம் ஒரு பழைய எண்ணைக் காட்டினால், அவர் தலையாட்டிவிடுவார். நீங்களும் நானும் ஆட்டுவோம். பணி நேரத்துக்கு உச்சவரம்பு வைப்பது விமானிக்குக் காட்டும் சலுகை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது பயணிகளின் உயிருக்கான பாதுகாப்பு.

ஹாலிஃபாக்ஸ் விபத்தை ஆராய்ந்த கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2006-இல் ஒரு பரிந்துரை செய்தது. விமானம் ஓடுபாதையில் ஓடும்போதே, எதிர்பார்த்த வேகத்தில் அது வேகம் பிடிக்கிறதா என்று தானே அளந்து பார்த்து எச்சரிக்கும் கருவி வேண்டும் என்பதே அது. கணினிக்கு யார் எந்த எண்ணைக் கொடுத்திருந்தாலும், ஓட்டத்தைப் பார்த்தே உண்மையைச் சொல்லிவிடும் கருவி. ஏர்பஸ்ஸின் சில விமானங்களில் அப்படி ஒன்று வந்திருக்கிறது. மற்ற இடங்களில் இரண்டு விமானிகளும் ஒருவர் திரையை ஒருவர் பார்க்காமல் தனித்தனியே கணக்கிட்டு, பிறகு எண்களை வாய்விட்டுச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். முதல் இலக்கம் இரண்டா, மூன்றா என்று.