நாட்கூலித் தாயும் ஊதிய விடுப்பும்



கோலார் தங்கவயலில், விடியுமுன் ராபர்ட்சன்பேட்டைத் தெருவைக் கூட்டும் பெண்ணுக்கும், அலுவலக மேசையில் எழுதும் பெண்ணுக்கும் பிரசவ வேதனை ஒன்றே. ஆயினும் விடுப்புக் கேட்டால், ‘நீ நாட்கூலிதானே?’ என்ற வினா முன்னவளைத் தடுத்துவிடுவதுண்டு. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், இவ்வூர் வீடுகளில் ஒரு நாட்கூலியும் பெரிதாயிற்று.

அவ்வினாவுக்கு விடை முன்பே கிடைத்துவிட்டது. நிரந்தரப் பணியில்லாத பெண்களுக்கு மகப்பேற்று விடுப்பு இல்லையென்று தில்லி மாநகராட்சி வழக்காடியது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் நாட்கூலிப் பெண்களுக்கும் உரியதே என, 2000 மார்ச்சு 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று 12 வாரமாயிருந்த விடுப்பு, 2017 முதல், முதலிரு மகப்பேறுகளுக்கு 26 வாரமாயிற்று. முந்திய ஓராண்டில் 80 நாள் உழைத்திருந்தால் போதும், ஊதியமும் உண்டு.

மைய அரசு ஊழியனாகிய எனக்கு, மகள் பிறந்தபோது 15 நாள் விடுப்புக் கிடைத்தது. தெருக்கூட்டும் தகப்பனுக்கு அச்சட்டம் ஒரு நாளும் தரவில்லை. அது இனி ஆகவேண்டிய காரியம். தாய்க்கு உரியதோ ஆகிவிட்ட காரியம். அது சலுகையன்று, உரிமை. கேட்கத் தயங்கும் சகோதரியிடம் இதைச் சொல்லுங்கள்.