நாமக்கல்லுக்கு ரயில் வந்தாச்சு, நாம ஏறுறோமா?

இன்னைக்கு எபிசோடு நாமக்கல் ரயில்வே ஸ்டேஷனைப் பத்தி. "அதுல பேச என்ன இருக்கு?"ன்னு கேக்குறவங்களுக்கு முதல்ல ஒரு தேதி சொல்றேன்: 2013 மே. அதுக்கு முன்னாடி நாமக்கல் டவுனுக்கு ரயிலே கிடையாது.

சேலத்துக்கு 1860-கள்லயே ரயில் வந்துடுச்சு. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்குற நாமக்கல், அதுக்கப்புறம் ஏறக்குறைய நூத்தைம்பது வருஷம் காத்திருந்தது. 1997-ல் தனி மாவட்டம் ஆனப்பவும் மாவட்டத் தலைநகர்ல ஸ்டேஷன் இல்ல. ஊர் அதுக்காகச் சும்மா இருக்கல. லாரி வாங்கி ஓட்டுச்சு, லாரிக்கு பாடி கட்டுச்சு, முட்டையை ரோடு வழியாவே ஊர் ஊரா அனுப்புச்சு.

இப்போ இருக்குற சேலம்–கரூர் பாதை சுமார் 85 கிலோமீட்டர். மல்லூர், ராசிபுரம், நாமக்கல், மோகனூர், அப்புறம் காவிரிப் பாலம் தாண்டினா வாங்கல், கரூர். முன்னாடி சேலத்துலேர்ந்து கரூருக்கு ரயில்ல போகணும்னா ஈரோடு வரைக்கும் போய்ச் சுத்தணும். அந்தச் சுத்து இப்போ இல்ல.

சரி, தண்டவாளம் வந்தா வேலை முடிஞ்சுதா? இங்கதான் ஜப்பான் ஞாபகம் வருது. ஹொக்கைடோவுல க்யூ-ஷிரடாகின்னு ஒரு சின்ன ஸ்டேஷன். ஒரு ஸ்கூல் பொண்ணுக்காகவே ரயில் நின்னுச்சுன்னு வைரல் ஆன கதை கேட்டிருப்பீங்க. கதை அழகுதான். ஆனா 2016 மார்ச்ல அந்த ஸ்டேஷனோட சேர்த்து அதே பாதையில இன்னும் மூணு ஸ்டேஷனையும் மூடிட்டாங்க. காரணம் ரொம்ப எளிமை: ஏற ஆள் இல்ல.

நம்ம நிலைமை நேர் எதிர். இங்க ஆள் இருக்காங்க. ராசிபுரம், நாமக்கல் பக்கத்துலேர்ந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பசங்க எத்தனை பேர்! தீபாவளி, பொங்கல் வந்தா ஆம்னி பஸ் கேக்குற காசைக் கொடுத்துட்டு வர்றது யாரு? நாமதான்.

அப்போ எங்க இடிக்குது? ரெண்டு இடத்துல. ஒண்ணு நேரம். சென்னையிலேர்ந்து வர்ற பழனி எக்ஸ்பிரஸ் நாமக்கல்லைத் தொடும்போது இன்னும் விடிஞ்சிருக்காது. ரெண்டாவது, ஸ்டேஷனுக்கு வெளிய என்ன இருக்குங்கிறது. 2024-ல் முதலைப்பட்டியில புது பஸ் ஸ்டாண்டு திறந்தாங்க, நல்ல விஷயம். ஆனா பஸ் ஸ்டாண்டும் ரயில்வே ஸ்டேஷனும் வேற வேற இடம். இருட்டுல தனியா இறங்குற ஒரு பொண்ணோ, முட்டி வலியோட வர்ற அம்மாவோ அங்கிருந்து வீட்டுக்கு எப்படிப் போவாங்க? அந்த யோசனையிலயே பல பேர் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுடுறாங்க.

ஜப்பான்ல பல ஊர்கள்ல ஸ்டேஷன் வாசல்லயே டவுன் பஸ் நிக்கும். இறங்கினா ஏறலாம். இதுக்கு புல்லட் ரயில் வேண்டாம். வண்டி வர்ற நேரத்துக்கு ஒரு டவுன் பஸ், வாசல்ல நல்ல வெளிச்சம், இது போதும்.

நம்ம பக்கமும் ஒரு வேலை இருக்கு. கூட்டம் இல்லாத பாதையில புது வண்டி கேட்டா யாரும் காது கொடுக்க மாட்டாங்க. அடுத்த தடவை ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஆப்பைத் திறக்குறதுக்கு முன்னாடி நாமக்கல்லுக்கு ரயில் இருக்கான்னு ஒருமுறை பாருங்க. போயிட்டு வந்து, ஸ்டேஷன்லேர்ந்து வீடு சேர எவ்வளவு நேரம், எவ்வளவு காசு ஆச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல அதையே பேசுவோம். வரட்டுங்களா?