ஒரு மின்னேற்றத்தில் எவ்வளவு தூரம்?

எங்கள் திருப்பத்தூர் வட்டாரத்தில் புதிதாக மோட்டார் கார் வாங்க எண்ணுவோர் இப்பொழுது பெட்ரோல் வண்டியோடு மின்சார வண்டியையும் சேர்த்தே சீர்தூக்கிப் பார்க்கின்றனர். அவர்கள் வாயிலிருந்து முதலில் பிறக்கும் வினா ஒன்றுதான்: “ஒரு தடவை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?” வினா நியாயமானதே. ஆனால் அதற்கு விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் விடையை அப்படியே ஏற்றுப் பணத்தை எண்ணிக் கொடுப்பது முறையன்று. அவ்விடையைப் பகுத்துப் பார்க்கும் வகை யாது என்பதையே இன்று தங்களோடு சிறிது ஆராய விழைகிறேன். இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டுவதில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

முதலில் இவ்வண்டிகள் வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 2001-ஆம் ஆண்டு பெங்களூரில் ரேவா என்னும் சிறு மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. அது ஒரு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும். 2020-இல் டாட்டா நெக்ஸான் வந்தபோது சோதனைச் சாலையின் கணக்குப்படி 312 கிலோமீட்டர் என்றனர். 2024 நவம்பரில் மகிந்திரா நிறுவனம் காட்சிக்கு வைத்த பி.இ. 6 என்னும் வண்டிக்கு 682 கிலோமீட்டர் என்றனர். கால் நூற்றாண்டுக்குள் எட்டு மடங்குக்கு மேல் ஏற்றம்! இதற்குக் காரணம் லித்தியம் அயனி மின்கலமே. அதனை உருவாக்கிய மூவருக்கு 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. அவர்களுள் முதியவரான குடினஃப் அவர்களின் சார்பில் அப்பரிசுச் சொற்பொழிவை நிகழ்த்தியவர், தமிழ்நாட்டில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி.

இனி, தூரத்தை அளக்கும் முறைக்கு வருவோம். மின்கலத்தில் அடங்கும் மின்சாரத்தை, நம் வீட்டு மின் கட்டணச் சீட்டில் காணும் அதே யூனிட்டால்தான் அளக்கிறார்கள். மண்ணெண்ணெய் விளக்குக்கு எண்ணெய் எவ்வளவோ, வண்டிக்கு யூனிட் அவ்வளவு. சோதனைச் சாலையில் வண்டியை உருளைகளின் மேல் நிறுத்திச் சக்கரங்களைச் சுழலவிட்டு, குறிப்பிட்ட கால அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுகிறார்கள். அட்டவணையின் முதற்பகுதி நகரத்து ஓட்டம். அதில் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. இரண்டாம் பகுதியில் 90 வரை செல்லும். அங்கே மேடும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். 2024 ஆகஸ்டில் வெளிவந்த டாட்டா கர்வ் வண்டியில் 55 யூனிட் மின்கலம் உண்டு. நகரத்து ஓட்டத்தை மட்டும் கொண்டு அதற்குச் சொல்லும் தூரம் 585 கிலோமீட்டர். இரண்டாம் பகுதியையும் சேர்த்தால் 502. நடைமுறையில் மக்கள் ஓட்டும்போது கிடைக்கக்கூடியதென அந்நிறுவனமே மதிப்பிடுவது 400 முதல் 425. ஒரே வண்டி, ஒரே மின்கலம், மூன்று விடைகள்! மூன்றும் பொய்யல்ல, மூன்றும் வெவ்வேறு வினாக்களுக்கு உரிய விடைகள். ஆகவே இரு வண்டிகளை ஒப்பிடும்போது, இரண்டின் எண்களும் ஒரே முறையில் அளந்தவைதாமா என்று முதலில் கேட்க வேண்டும்.

நான் கையாளும் வழி எளிது. விளம்பரத் தூரத்தை மறந்துவிட்டு, மின்கலத்தின் யூனிட்டை மட்டும் குறித்துக்கொள்கிறேன். குளிர்சாதனம் இயங்க, நெடுஞ்சாலையில் நிதானமாகச் சென்றால், நடுத்தர வண்டிக்கு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டரும், பெரிய வண்டிக்கு ஆறும் என வைத்துக்கொள்கிறேன். அவசரத்துக்கென நூற்றில் பதினைந்து பங்கைத் தொடாமல் ஒதுக்குகிறேன். இவ்வாறு கணக்கிட்டால், 45 யூனிட் கொண்ட இன்றைய நெக்ஸான் ஏறத்தாழ 250 கிலோமீட்டரும், 79 யூனிட் கொண்ட பி.இ. 6 ஏறத்தாழ 400 கிலோமீட்டரும் கவலையின்றிச் செல்லும்.

“மலை ஏறினால் மின்சாரம் தீர்ந்துபோகுமே!” என்று இங்கே பலர் அஞ்சுகின்றனர். ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரச் சமவெளியிலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயர வேண்டும். வண்டியும் ஆட்களுமாக 2,000 கிலோ எடை என்றால், அவ்வுயரத்துக்குத் தூக்கும் வேலை நான்கு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவே. சவ்வாது மலையில் வானாய்வு நிலையம் அமைந்துள்ள காவலூருக்கு ஏறுவதற்கு இதில் பாதி போதும். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, செலவழித்ததில் கணிசமான பங்கைத் திரும்பக் கொடுக்கும். உண்மையில் அஞ்சத்தக்கது வேகமே. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்பவர் 110-க்கு உயர்த்தினால் அவ்வெதிர்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். மலைப்பாதை தின்னாததை நான்கு வழிச் சாலை தின்றுவிடும்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அண்மையில் யோசனை கேட்டு வந்தார். அவருடைய தாயாரை மாதம் இரு முறை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். “ஐயா, வழியில் நின்றுவிட்டால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? கடன் வாங்கியாவது பெரிய மின்கலம் உள்ளதையே வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன்” என்றார். அவர் அச்சம் எனக்குப் புரிந்தது. இருவருமாகத் தாளில் கணக்கிட்டோம். வேலூர் போய்வர ஏறத்தாழ 180 கிலோமீட்டர். 28 யூனிட் செலவாகும். ஆண்டுகள் செல்லச் செல்ல மின்கலத்தின் கொள்ளளவு குறையும். 45 யூனிட் ஒரு காலத்தில் 36 ஆகச் சுருங்கினாலும், பதினைந்து பங்கு ஒதுக்கியது போக 30 யூனிட்டுக்கு மேல் எஞ்சும். அப்பொழுதும் தாயாருடன் வீடு திரும்பலாம்.

விலையையும் பார்த்தோம். 45 யூனிட் நெக்ஸான் 2024 செப்டம்பரில் ஏறத்தாழ 14 லட்சத்தில் தொடங்கியது. 79 யூனிட் பி.இ. 6-க்கு 2025 ஜனவரியில் அறிவித்த விலை 26 லட்சத்து 90 ஆயிரம். பின்னது பெரியது, வலியது, வசதி மிக்கது, ஐயமில்லை. ஆனால் அவருடைய பயணத்துக்கு அந்தக் கூடுதல் தூரம் தேவையில்லை. அதற்கென வாங்கும் கடன் மகளின் கல்லூரிப் படிப்பின் மேல் அல்லவா விழும்? அவர் சிறியதையே தேர்ந்தார்.

எல்லோருக்கும் சிறியதே ஏற்றது என்று இதற்குப் பொருளன்று. ஆம்பூரிலிருந்து வாரம் பல முறை சென்னைக்குச் சென்று அன்றே திரும்பும் தோல் வணிகருக்குப் பயணம் 370 கிலோமீட்டருக்குக் குறையாது. அவருக்குப் பெரிய மின்கலம் தக்கதே. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் விரைவு மின்னேற்று நிலையங்கள் உள்ளன. எனினும் அங்கே அரை மணிக்கு மேலும் காத்திருக்க நேரலாம். நூற்றில் எண்பது பங்கு நிறைந்தபின் மின்னேற்றம் மெதுவாகும் என்பதையும் நினைவிற் கொள்ளல் நலம். மலைச் சாலைகளில் இந்நிலையங்களை நம்பிப் புறப்படலாகாது. வீட்டிலேயே நிறைத்துக்கொண்டு செல்ல வேண்டும்.

ஆதலால், வாங்குமுன் நான்கு வினாக்களைத் தங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அடிக்கடி செல்லும் மிக நீண்ட பயணம் எவ்வளவு? இரவில் வண்டியை நிறுத்தும் இடத்தில் மின் இணைப்பு உண்டா? மின்கலத்துக்கு எத்தனை ஆண்டு உறுதி எழுத்தில் தருகிறார்கள்? பழுதானால் பார்க்கும் பணிமனை எவ்வளவு தொலைவில் உள்ளது? இந்நான்குக்கும் விடை கிடைத்தபின் விற்பனை நிலையத்துக்குச் செல்லுங்கள்.

ஆண்டுக்கொரு முறை செல்லும் யாத்திரைக்காக ஆண்டு முழுதும் வட்டி கட்டுவது சிக்கனமாகாது. அவ்வொரு நாளில் வழியில் நிறுத்தி, மின்னேற்றிக்கொண்டு, நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டுவிட்டுச் செல்லலாம். நம் முன்னோர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டியை நிறுத்தியவர்கள்தாமே!