கதைக்குள்ள பிறந்த பாட்டு

இன்னைக்கு நாம பேசப்போறது ஆன்னா பார்ட்லெட் வார்னர் பத்தி.

1837-ல் அமெரிக்காவில் வந்த பொருளாதாரச் சரிவில், நியூயார்க் வக்கீலான இவங்க அப்பா பெரும்பாலான சொத்தை இழந்தார். குடும்பம் ஹட்சன் ஆற்றில் இருக்கிற கான்ஸ்டிடியூஷன் தீவுக்குக் குடிபோச்சு. வீட்டுச் செலவைச் சமாளிக்க அக்கா சூசனும் ஆன்னாவும் எழுத ஆரம்பிச்சாங்க. நாவல், குழந்தைகளுக்கான கதைன்னு நிறைய.

1860-ல் ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின ஒரு நாவலில், சாகக் கிடக்கிற சிறுவனுக்கு ஆறுதலாப் பாட ஒரு பாட்டு தேவைப்பட்டது. ஆன்னா எழுதிக் கொடுத்தாங்க. 1862-ல் வில்லியம் பிராட்பரி அதுக்கு மெட்டுப் போட்டு, பல்லவியும் சேர்த்தார். அதுதான் ‘ஜீஸஸ் லவ்ஸ் மீ’.

நாவலைப் படிக்கிறவங்க இன்னைக்கு ரொம்பக் குறைவு. பாட்டு மட்டும் உலகம் முழுக்க ஞாயிறு பள்ளிகளில் கேட்குது. பிழைப்புக்காக எழுதினா அதில் உயிர் இருக்காதுன்னு யாராவது சொன்னா, இவங்க கதையைச் சொல்லுங்க.